உறுப்பினர் சேர்க்கை: அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

தோழர்களே, திருத்துறைப்பூண்டி பக்கம் நம்ம ஆசிரியர் சங்கத்துக்கு ஆள் சேர்க்க அலையுறேன். வாட்ஸ்அப்ல போட்ட படிவத்தை ஒருத்தரும் நிரப்பலை. போன வாரம் ஒரு ஈராசிரியர் பள்ளிக்கு நேர்லயே போனேன். டீச்சர் சத்துணவு முட்டைக் கணக்கு எழுதிக்கிட்டே, "சந்தாவுக்குத்தானே சார் வந்தீங்க?"ன்னாங்க. சுருக்குன்னுச்சு. ரசீது புத்தகத்தை வெளியவே எடுக்கலை. அவங்க பணிப்பதிவேட்டுல விடுபட்ட பதிவைப் பத்தி அரைமணி நேரம் கேட்டுட்டு வந்தேன். மறுநாள் அவங்களே போன் பண்ணாங்க!

2003-ல அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் நடத்துன வேலைநிறுத்தத்தைப் பார்த்தவங்க ஓய்வுபெற்றுக்கிட்டே இருக்காங்க. புதுசா வந்தவங்ககிட்ட முதல் பேச்சை எப்படித் தொடங்குறீங்க? சாயங்காலம் மன்னார்குடி பஸ்ஸுக்கு ஓடுறவங்களை நிறுத்தவும் மனசு வரலை. சனிக்கிழமை என்னோட வர ரெண்டு டீச்சர் இருந்தா சொல்லுங்க, டீச்செலவு என்னோடது.