ஹெரால்ட் வைப்பர் மோட்டார், டைனமோ: வைண்டிங்குக்கு எப்படிப்பட்ட ஆளிடம் கொடுப்பது?

கொழிஞ்சாம்பாறை ஹெரால்ட்:

வணக்கம். அப்பா வாங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் எங்கள் தென்னந்தோப்பு ஷெட்டில் பல வருஷமாக நின்றிருந்தது. சேசிஸ் துரு வேலை, பெயின்ட் எல்லாம் முடிந்தது. இப்போது எலக்ட்ரிக்கல் வேலை. வைப்பர் மோட்டார் லூகாஸ் டிஆர்3ஏ. சுவிட்ச் போட்டால் முனகிக்கொண்டே பாதி தூரம் போய் நிற்கிறது, சீக்கிரமே கை வைக்க முடியாத சூடு. பேட்டரியைச் சார்ஜ் செய்கிற டைனமோவின் சார்ஜ் லைட் அணைவதே இல்லை. செல்ஃப் மோட்டாரும் சோம்பலாகத்தான் சுற்றுகிறது.

இங்கே வைண்டிங் (மோட்டாருக்குக் கம்பிச் சுற்று கட்டுகிற) கடைக்குப் பஞ்சமில்லை, ஆனால் எல்லாம் தண்ணி மோட்டார், கொப்பரை மில் மோட்டார். ஒருவர் "எதுக்குங்க சிரமம், மாருதி மோட்டார் மாட்டிடலாம்" என்றார். இன்னொருவர் கழற்றிக்கூடப் பார்க்காமல் "ரீவைண்ட் பண்ணிடலாம், வெச்சிட்டுப் போங்க" என்றார். ரெண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி பொள்ளாச்சி, கோவை வரை போகத் தயார். வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் சேர்ந்திருக்கிறது. நெகட்டிவுக்கு மாற்றினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றுமா? ஜூன் மழைக்கு முன்னால் வைப்பராவது ஆட வேண்டும்.

பொள்ளாச்சி ஆட்டோ எலக்ட்ரிக்:

தம்பி, வைண்டிங் பேச்சையே இப்போதைக்கு எடுக்காதீங்க. மோட்டார் முனகுது, சூடாகுதுன்னா அது எதையோ இழுக்க முடியாமல் திணறுதுன்னு அர்த்தம். ஹெரால்ட்டில் மோட்டார் நேரடியாக வைப்பர் கையை ஆட்டுவதில்லை. ஒரு குழாய்க்குள் பல் வெட்டிய கேபிள் முன்னும் பின்னும் போய், கண்ணாடிக்குக் கீழே இருக்கிற சின்னப் பல்சக்கரங்களைத் திருப்பும். நின்று கிடந்த வண்டியில் அந்தக் குழாய்க்குள் கிரீஸ் மெழுகாகி இறுகியிருக்கும். வைப்பர் கைகளைக் கழற்றிவிட்டு, கேபிளை மோட்டாரிலிருந்து விடுவித்து, பழைய பேப்பர் வாங்குகிறவர் வைத்திருக்கும் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பாருங்க. 2.7 கிலோவுக்குள் நகரணும். நகரவில்லையென்றால் மோட்டார் மேல் பழி போட வேண்டாம். மாருதி மோட்டார் சொன்னவருக்கு இந்தக் கேபிள் சமாச்சாரமே தெரிந்திருக்காது. தெரிந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

கேபிள் லேசாக ஓடுது, அப்படியும் மோட்டார் சூடாகுதுன்னா அப்புறம் திறக்கலாம். பேட்டரியில் தனியாக ஓட விட்டால் 3 ஆம்பியரை ஒட்டி இழுக்கணும். அதிகம் இழுத்தால் முதலில் புஷ் (ஷாஃப்ட் சுற்றுகிற வளையம்) பாருங்க. அந்தப் பித்தளை புஷ் எண்ணெய் குடிக்கிற ரகம். புதுசு போடுவதற்கு முன்னால் இன்ஜின் ஆயிலில் ஒரு நாள் முழுக்க ஊறணும். அவசரத்தில் வறட்சியாக அடித்து ஏற்றிவிட்டு மறுபடி வந்து நிற்கிறவர்களை நிறையப் பார்த்தாச்சு. அடுத்து கார்பன் பிரஷ், அது உரசுகிற செம்புப் பட்டை உருளையான கம்யூட்டேட்டர். கம்யூட்டேட்டர் கருத்துப் பள்ளமாகியிருந்தால் லேத்தில் ஒரு மெல்லிய சீவல், பிறகு செம்புப் பட்டைகளுக்கு நடுவே மைக்காவைக் கொஞ்சம் இறக்கிவிடணும். மைக்கா செம்புக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தால் பிரஷ் குதித்துக் குதித்துப் பொறி பறக்கும்.

ஆர்மேச்சர், அதாவது மோட்டாருக்குள் சுற்றுகிற கம்பிச் சுற்றுப் பாகம், உள்ளே ஷார்ட்டா என்று தெரிய குரௌலர் என்கிற சோதனைக் கருவி வேணும். அதன் மேல் ஆர்மேச்சரை வைத்துத் திருப்பிக்கொண்டே ஹேக்ஸா பிளேடை மேலே பிடித்தால், ஷார்ட் ஆன காடியில் (கம்பி உட்காருகிற பள்ளத்தில்) பிளேடு அதிரும். ஆள் பிடிக்கும்போது இதைத்தான் கேளுங்க: "குரௌலர் இருக்கா?" தண்ணி மோட்டார்க்காரர் பெரும்பாலும் ஸ்டேட்டர் (சுற்றாமல் நிற்கிற பாகம்) கட்டுகிறவர். மிக்ஸி, டிரில்லிங் மெஷின் ஆர்மேச்சர் கட்டுகிறவரிடம் போங்க, கம்யூட்டேட்டரில் கை பழகினவர் அவர்தான். ஆனால் மிக்ஸி 230 வோல்ட், மெல்லிய கம்பி, நிறையச் சுற்று. உங்களுடையது 12 வோல்ட், தடிமனான கம்பி, குறைவான சுற்று. அதனால் பழைய கம்பியை அவர் வெட்டி எறிவதற்கு முன்னால் கேஜ் (கம்பியின் தடிமன்), சுற்று எண்ணிக்கை, எந்தக் காடியிலிருந்து எந்தப் பட்டைக்குப் போகுது என்பதை எழுதச் சொல்லுங்க. பக்கத்தில் நின்று நீங்களே எழுதினால் இன்னும் நல்லது. கட்டி முடித்ததும் வார்னிஷில் முக்கி அடுப்பில் காய வைக்கிறாரா, வெயிலில் வைக்கிறாரா என்றும் பாருங்க.

திசை பற்றிக் கேட்டீங்க. டிஆர்3ஏ-வில் நிரந்தரக் காந்தம் கிடையாது, கரன்ட் போனால் காந்தமாகிற ஃபீல்டு காயில்தான். பேட்டரியை மாற்றினால் ஃபீல்டு, ஆர்மேச்சர் ரெண்டிலும் கரன்ட் சேர்ந்தே மாறும், அதனால் அதே திசையில்தான் சுற்றும். செல்ஃபும் அப்படித்தான். நிரந்தரக் காந்தம் வைத்த மோட்டார்தான் திரும்பிச் சுற்றும்.

வாளையார்க்காரன்:

டைனமோவுக்கு மட்டும் நான் சொல்கிறேன். பெல்ட் இறுக்கமாக இருக்கிறதா பார்த்துவிட்டு, டைனமோவில் டி (கரன்ட் வெளியே வருவது), எஃப் (ஃபீல்டு) ரெண்டு ஒயரையும் கழற்றி, டைனமோவின் அந்த ரெண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சேருங்கள். மீட்டரை அங்கிருந்து பாடிக்குப் பிடித்து இன்ஜினை மெல்ல ஏற்றுங்கள். வோல்ட் சீராக ஏறினால் டைனமோ நல்லது, கோளாறு சார்ஜைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டர் பெட்டியிலோ ஒயரிலோ. 20-ஐத் தாண்ட விடாதீர்கள். ஒரு வோல்ட்டுக்குள்ளேயே நின்றால் ஃபீல்டு காயில், நாலைந்தில் நின்றால் ஆர்மேச்சர். எதுவுமே வராவிட்டால் பிரஷ்ஷைப் பாருங்கள். எர்த் மாற்றினால், எஃப் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு ஒயரை டைனமோவின் எஃப் முனையில் சில முறை தொட்டெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் டைனமோ பழைய துருவத்திலேயே கரன்ட் தரும். இக்னிஷன் காயிலின் ரெண்டு சின்ன ஒயர்களையும் இடம் மாற்றிவிடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை ஹெரால்ட்:

அண்ணா, தராசு முள் 6 கிலோவைத் தாண்டியது! கேபிளை வெளியே உருவினால் பழுப்பு மெழுகு கட்டி கட்டியாக வந்தது. மண்ணெண்ணெயில் கழுவிப் போட்டதும் வைப்பர் முழுசாக ஆடுகிறது. கொஞ்சம் சூடு இருக்கிறது, புஷ் மாற்றப்போகிறேன். டைனமோ நாலு வோல்ட்டில் நிற்கிறது, அதை எடுத்துக்கொண்டு கோவை போக வேண்டியதுதான். செல்ஃபுக்கும் ரீவைண்ட் தேவைப்படுமா?

பொள்ளாச்சி ஆட்டோ எலக்ட்ரிக்:

செல்ஃபில் இருப்பது கம்பி இல்லை தம்பி, செம்புப் பட்டை. லேசில் எரியாது. பிரஷ், புஷ், அப்புறம் பேட்டரியிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகிற எர்த் ஒயர். அந்த இடத்தில் புதுப் பெயின்ட் அடித்திருக்கீங்களா? அடித்திருந்தால் போல்ட்டைக் கழற்றி, அதற்கு அடியில் தகரம் தெரிகிற அளவு சுரண்டிவிட்டு மாட்டிப் பாருங்க.