மூன்று வருடமாக நோட்டில் நிற்கும் ஒரு பைனாகுலர்

காகிதக்கப்பல்:
என்னிடம் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. கடையிலோ போனிலோ எதையாவது பார்த்து மனசு அலைபாய்ந்தால் உடனே வாங்கமாட்டேன். பொருளின் பெயரையும் தேதியையும் அதில் எழுதிவிடுவேன். ஒரு மாதம் கழித்து எடுத்துப் பார்ப்பேன். ஆசை போயிருந்தால் அடித்துவிடுவேன், அவ்வளவுதான்.

அநேகமாக எல்லாமே அடிபட்டுவிட்டன. வளையும் கழுத்து வைத்த மேசை விளக்கு, பச்சை கேன்வாஸ் ஷூ, மழைச் சத்தம் போட்டு எழுப்பும் கடிகாரம். ஓரிடத்தில் 'நீல மூடி' என்று மட்டும் எழுதியிருக்கிறது. எதன் மூடி என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அதை எழுதிய அன்று அது இல்லாமல் இருக்க முடியாது என்று நினைத்திருப்பேன்.

ஒரு வரி மட்டும் மூன்று வருடமாக அடிபடாமல் இருக்கிறது. பைனாகுலர், 8×42. வாங்காமலே அதைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டுவிட்டேன். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 42 என்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டம் அத்தனை மில்லிமீட்டர் அகலம், அதனால் விடிகாலை மங்கலிலும் படம் தெளிவாக இருக்கும். 10 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் 10 மடங்காகத் தெரியும் என்பதால் எனக்கு 8 போதும்.

பணம் இருக்கிறது. கடன் எதுவும் இல்லை. நான்கு தடவை கடை வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறேன். ஆனால் போன் உறை, பேனா, இன்னொரு பை என்று சின்னச் சின்னதாக வாங்கும்போது கை தயங்குவதே இல்லை. இந்த மூன்று வருடத்தில் அவற்றுக்குக் கொடுத்ததைக் கூட்டினால் பைனாகுலரே வந்திருக்கும்.

நான் செய்வது சிக்கனமா, பயமா? உண்மையாகவே வேண்டிய ஒன்றை மட்டும் வாங்காமல் தள்ளிப்போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஈரமண்:
சின்னப் பொருளுக்குக் கை தயங்காததற்கு ஒரு காரணம் சொல்கிறேன். பிரையன் நட்சன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2007இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஆட்களை மூளை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து முதலில் பொருளைக் காட்டினார்கள், அப்புறம் விலையை, அதன்பிறகு வாங்குகிறாயா என்று கேட்டார்கள். பிடித்த பொருளைப் பார்க்கும்போது மூளையில் ஒரு பகுதி தூண்டப்பட்டது. விலை அதிகம் என்று பட்டபோது வேறொரு பகுதி, இன்சுலா, தூண்டப்பட்டது. வலி, அருவருப்பு போன்றவற்றில் வேலை செய்யும் பகுதி அது. போன் உறையின் விலை அந்த இடத்தைத் தொடவே தொடாது என்று நினைக்கிறேன். பைனாகுலர் ஒரே தடவையில் மொத்தமாகக் குத்துகிறது.

ஒன்று செய்து பாருங்கள். நோட்டில் அடித்த வரிகளில் எத்தனை கடையில் கண்ணில் பட்டவை, எத்தனை 'இது இப்போது கையில் இல்லையே' என்று தவித்தபோது எழுதியவை? அதை எண்ணிச் சொல்லுங்கள்.

தூரத்துவிளக்கு:
நான் எதிர்ப்பக்கம் நின்று பேசுகிறேன். தையல் மெஷின் வேண்டும் என்று எட்டு வருடம் ஆசைப்பட்டேன். வாங்கியும் விட்டேன். இரண்டு தலையணை உறை தைத்தேன். அதன்பிறகு அது துணி போர்த்தியபடி மூலையில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மனசு கனக்கிறது. எட்டு வருடம் கனவில் எவ்வளவோ தைத்தேன், அந்தச் சந்தோஷமும் போய்விட்டது.

அதனால் முதலில் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். கடையில் கையில் எடுத்துப் பார்த்து முடிவு செய்யவேண்டாம். ஒரு பொருளைச் சும்மா தொட்டாலே அது நம்முடையது என்ற உணர்வு கூடுகிறது என்று ஜோஆன் பெக், சுசான் ஷூ என்ற இரு ஆய்வாளர்கள் 2009இல் காட்டியிருக்கிறார்கள். நான் மெஷினின் சக்கரத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தேன், அன்றே பில் போட்டாகிவிட்டது.

மூன்றாம்பிறை:
அக்கா, கண்ணாடி போடுகிறவரா நீங்கள்? அப்படியானால் கண்ணுக்கும் லென்ஸுக்கும் நடுவே குறைந்தது 15 மில்லிமீட்டர் இடைவெளி விட்டும் முழுக் காட்சி தெரிகிற மாடலாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் ஓரமெல்லாம் கறுப்பாக மறைக்கும். பழையது வாங்கினால் தூரத்துக் கம்பம் ஒன்றைப் பாருங்கள். இரண்டாகத் தெரிந்தால் உள்ளே ப்ரிஸம் நகர்ந்திருக்கிறது, வேண்டாம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து லென்ஸுக்குள் நூல் மாதிரிப் பூஞ்சை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

காகிதக்கப்பல்:
எல்லோருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 61 வரி. அடித்தது 54. அதில் 50, கடையிலோ போனிலோ கண்ணில் பட்டதால் எழுதியவை. பைனாகுலர் வரிக்குப் பக்கத்தில் நானே சின்ன எழுத்தில் குறித்திருக்கிறேன்: "குளத்து நடுவில் கட்டை மேல் ஏதோ உட்கார்ந்திருக்கிறது. என்னவென்று தெரியவில்லை." இதை எழுதியதையே மறந்திருந்தேன்.

அலுவலகத்தில் ஒருவரிடம் 8×42 இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் கேட்டேன், தயங்காமல் கொடுத்தார். விடியும்போதே குளத்தங்கரைக்குப் போய்விட்டேன். கட்டை மேல் இருந்தது நீர்க்காகம். இரண்டு இறக்கையையும் விரித்துக் காயவைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. அதன் கண் பச்சை. இத்தனை வருடம் அதே குளத்தைச் சுற்றி நடந்தும் அது எனக்குத் தெரியாது. திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது, கை வலித்தது, நேரம் போனதே தெரியவில்லை.

தூரத்துவிளக்கு, அந்த மெஷின் மேல் இருக்கும் துணியை ஒரு நாள் எடுத்துப் பாருங்களேன். தலையணை உறை இரண்டு தைத்தவர்தானே நீங்கள்.

மூன்றாம்பிறை, ஆமாம், கண்ணாடி போடுகிறேன். இரவல் வாங்கியதில் ஓரம் கறுத்தது, காரணம் இப்போதுதான் புரிகிறது. 15 மில்லிமீட்டர் என்று நோட்டில் அந்த வரிக்குக் கீழேயே எழுதிவைத்துவிட்டேன். சனிக்கிழமை கடைக்குப் போகிறேன்.