பங்குதாரர் பட்டியலில் இருந்த வெளிநாட்டு நிதி எங்கே போனது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். வால்வு தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தின் 400 பங்குகள் என்னிடம் இருக்கின்றன. "பெரிய கைகள் உள்ளே வந்திருக்கின்றன" என்று மச்சான் சொன்னதை நம்பி வாங்கியவை. மச்சான் சொல் கேட்டு ஏற்கெனவே ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கியவன் நான். அது வேறு கதை.

காலாண்டு முடிந்து 21 நாட்களுக்குள் நிறுவனம் தாக்கல் செய்யும் பங்குதாரர் பட்டியலை இரண்டு முறை அச்செடுத்து, அருகருகே வைத்துப் பார்த்தேன். ஜூன் பட்டியலில் ஒரு வெளிநாட்டு நிதி 1.32 சதவீதம் என்று பெயரோடு இருந்தது. செப்டம்பரில் அந்தப் பெயரே இல்லை. ஆனால் வெளிநாட்டு முதலீட்டாளர்களின் மொத்தப் பங்கு 2.64-லிருந்து 2.20-ஆகத்தான் குறைந்திருக்கிறது.

பொதுப் பங்குதாரர்களில், அதாவது நிறுவனத்தை நடத்தும் தரப்பைச் சேராதவர்களில், 1 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்களின் பெயர்தான் வெளியாகும் என்பது தெரியும். அப்படியானால் குறைந்த அந்த 0.44-ஐ மட்டும் விற்று 0.88-க்கு இறங்கியிருக்கிறதா, முழுவதும் விற்றுவிட்டு வேறு யாரோ வாங்கியிருக்கிறார்களா? பங்குச் சந்தை வெளியிடும் மொத்த வர்த்தக (bulk deal) அறிவிப்புகளிலும் தேடினேன். ஒருவரே ஒரே நாளில் நிறுவனத்தின் பங்குகளில் 0.5 சதவீதத்துக்கு மேல் வாங்கினாலோ விற்றாலோதான் அதில் வரும். சில்லறையாக விற்றிருந்தால் தடயமே இருக்காது.

இன்னொன்று: ஹெட்ஜ் ஃபண்டுகள் (பெரும் முதலீட்டாளர்களின் பணத்தைத் திரட்டி, சிக்கலான உத்திகளில் வர்த்தகம் செய்யும் நிதிகள்) இங்கே மூன்றாம் வகை மாற்று முதலீட்டு நிதிகளில் (AIF) சேரும் என்கிறார்கள். பட்டியலிலோ மாற்று முதலீட்டு நிதிகள் என்று ஒரே வரிதான். அதைப் பிரித்துப் பார்க்க வழி உண்டா?

வாங்கு, விற்று விடு என்ற ஆலோசனை வேண்டாம். பட்டியலைப் படிக்கத் தெரிந்தவர்கள் மட்டும் சொல்லுங்கள்.