பட்டையில் கோடு விழாதபோது: பரிசோதனை அனுபவங்களைப் பகிருங்கள்

ஆய்வகத் தோழன்:

உடலில் போதைப்பொருளோ மருந்தோ இருக்கிறதா என்று பார்க்க, வேலைக்குச் சேரும் முன் சிறுநீர்ச் சோதனை, சோதனைச்சாவடியில் எச்சில் சோதனை, மருத்துவமனையில் இரத்தச் சோதனை என்று இங்கே பலரும் ஏதாவது ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். முதலில் நானே தொடங்குகிறேன்.

கப்பல் வேலைக்கும் எண்ணெய்க் கிணற்று மேடைகளுக்கும் போகிறவர்களைச் சோதிக்கும் ஒரு தனியார் ஆய்வகத்தில் பல வருடம் இருந்தேன். குப்பி கைக்கு வந்ததும் அதன் மேல் ஒட்டியிருக்கும் வெப்பநிலை அட்டையைத்தான் பார்ப்போம். நாலு நிமிடத்துக்குள் பார்த்தால் 32 முதல் 38 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கழிப்பறைத் தொட்டியில் நீலச் சாயம் கலந்து வைத்திருப்போம், அந்தத் தண்ணீரை யாரும் மொண்டு ஊற்றிவிடக் கூடாது என்பதற்காக.

அப்புறம்தான் சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் சோதனைப் பட்டை. பலரும் பதறுவது இங்கேதான். கர்ப்பப் பரிசோதனைக்கு இது நேர்மாறு. கோடு விழுந்தால் போதைப்பொருள் இல்லை, விழாவிட்டால்தான் சந்தேகம். மங்கலாக விழுந்தாலும் கோடு கோடுதான். பட்டையில் போதைப்பொருளைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புரதம் இருக்கும், அதுவும் கொஞ்சம்தான். சிறுநீரில் போதைப்பொருள் இருந்தால் அது முந்திக்கொண்டு எதிர்ப்புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், கோடு போட எதுவும் மிஞ்சாது. சிக்கல் என்னவென்றால், எதிர்ப்புரதத்துக்கு மூலக்கூறின் உருவம் மட்டுமே தெரியும். அதே சாயலில் இன்னொன்று வந்தாலும் ஏமாந்துவிடும்.

தூத்துக்குடித் தம்பி ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. அம்பெட்டமைன் என்ற போதைப்பொருளுக்கான இடத்தில் கோடே விழவில்லை. "அண்ணே, நான் பீடிகூடக் குடிச்சதில்ல" என்றார், குரல் உடைந்துவிட்டது. என்னென்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டதில் மூக்கடைப்புக்கு வாங்கிய மாத்திரை வெளியே வந்தது. அதில் சூடோஎஃபெட்ரின். படிவத்தில் அதை எழுதி, மீதிச் சிறுநீருக்கு அவர் கண்ணெதிரே முத்திரை வைத்து, முத்திரை மேல் அவரையே கையெழுத்துப் போடவைத்து, நிறைமாலை அளவிக்கு அனுப்பினோம். அந்தக் கருவி மூலக்கூறை உடைத்துத் துண்டுகளின் எடையைப் பார்க்கும். சாயல் பார்த்து ஏமாறாது. அம்பெட்டமைன் இல்லை என்று முடிவு வந்தது.

அதற்குள் கப்பல் போய்விட்டது. அதுகூடப் பரவாயில்லை, அடுத்த கப்பல் கிடைத்தது. ஆனால் பட்டையைப் பார்த்த அன்றே முகவர் ஊருக்குப் போன் போட்டு, "உங்க பையன் மாட்டிக்கிட்டான்" என்று சொல்லிவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. உறுதிச் சோதனை வரும் வரை பட்டை சொல்வது சந்தேகம் மட்டுமே. அதுவரை குடும்பத்திடமோ முதலாளியிடமோ வாய் திறக்க யாருக்கும் உரிமை கிடையாது.

தெம்பனிஸ் வாசகி:

இங்கே சிங்கப்பூரில் சமையலில் கசகசா சேர்ப்பதை விட்டே பல வருடமாகிறது. குருமாவுக்கு முந்திரியும் பொட்டுக்கடலையும்தான் அரைக்கிறோம். மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் அனுமதி இல்லாமல் கசகசாவை உள்ளே கொண்டுவர முடியாது என்பதால், மாமியார் காரைக்குடியிலிருந்து வரும்போதெல்லாம் பெட்டியைப் பிரித்துப் பார்த்துத்தான் கிளம்பச் சொல்வோம். ஆனால் போன வருடம் ஊர்க் கல்யாணத்தில் மூன்று நாளும் கசகசாப் பாயசம், கசகசா குருமா. சாப்பிட்டு வந்த கையோடு என் தம்பிக்கு வேலையிடத்தில் சோதனை. அபின் வகையைக் காட்டும் ஓபியேட் கோடு விழவில்லை. கல்யாணச் சாப்பாடு என்று அவன் சொன்னதை அங்கே இருந்தவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் உறுதிச் சோதனைதான் அவனைக் காப்பாற்றியது. எப்படி என்று மட்டும் இன்றுவரை எங்களுக்குப் புரியவில்லை.

ஆய்வகத் தோழன்:

உங்கள் தம்பி சொன்னது முழுக்க உண்மையாக இருக்கலாம். கசகசா விதையின் தோலில் செடியின் பால் ஒட்டியிருக்கும், அதில் மார்ஃபின் உண்டு. கழுவிச் சமைத்தால் குறையும், ஆனால் எவ்வளவு மிஞ்சும் என்பது விதைக்கு விதை மாறும். இதனால்தான் அமெரிக்காவில் அரசுப் பணியிடச் சோதனைக்கான ஓபியேட் எல்லையை 1998இல் ஒரு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000க்கு உயர்த்தினார்கள். ஹெராயின் உடலுக்குள் போனால் 6-மோனோஅசிட்டைல்மார்ஃபின் என்று ஒன்று உண்டாகும். கசகசாவிலிருந்தோ கோடீன் இருமல் மருந்திலிருந்தோ அது வரவே வராது. உறுதிச் சோதனையில் அதைத்தான் தேடுவோம். ஒரே குறை, சில மணி நேரத்தில் மறையத் தொடங்கிவிடும். அது இல்லை என்பதால் மட்டும் எல்லாம் முடிந்துவிடாது, மார்ஃபின், கோடீன் அளவுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பார்க்கின்சன் நோய்க்குச் செலஜிலின் சாப்பிடும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த மருந்து உடலுக்குள் மெத்தம்பெட்டமைனாகவே மாறுகிறது. நிறைமாலை அளவியும் "ஆமாம், மெத்தம்பெட்டமைன்தான்" என்றுதான் சொல்லும். ஆனால் ஒரே மூலக்கூறுக்கு இடக்கை, வலக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்கள் உண்டு; இது இடக்கை வடிவம், தெருவில் விற்பது பெரும்பாலும் வலக்கை வடிவம். இரண்டையும் பிரித்துப் பார்க்கும் சோதனை தனியாக உண்டு. கேட்டால்தான் செய்வார்கள், அதனால் கேளுங்கள்.

இரவுப்பணிச் செவிலி:

2008 தொடக்கத்தில் அவசரப் பிரிவில் இருந்தேன். நடுத்தர வயது ஆண்கள், வயதானவர்கள், சர்க்கரை நோயே இல்லாதவர்கள், வியர்த்துக் கொட்டி, வாய் குழறி, சிலர் முழு மயக்கத்தில் வந்தார்கள். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை அடிமட்டத்தில் இருக்கும். குளுக்கோஸ் ஏற்றினால் எழுந்து உட்கார்ந்து பேசுவார்கள். "சரி, தேறிட்டார்" என்று நினைக்கும்போதே மறுபடி விழும். ஒருவர் தன் மனைவியைப் பார்த்து "நீங்க யாரு?" என்று கேட்டதைப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

இரத்தத்தில் இன்சுலின் அதிகம், கணையம் தானே இன்சுலின் சுரக்கும்போது கூடவே வரும் சி-பெப்டைடும் அதிகம். வெளியிலிருந்து ஊசி போட்டிருந்தால் சி-பெப்டைடு ஏறாது. அப்படியானால் கணையத்தை எதுவோ விரட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இரத்தமும் சிறுநீரும் சோதனைக்குப் போயின. வந்த பெயர் கிளிபென்கிளமைடு, சாதாரணச் சர்க்கரை மாத்திரை. சட்டவிரோதமாக விற்ற ஆண்மை மாத்திரைகளிலும் "மூலிகை" உறைமாத்திரைகளிலும் அது கலந்திருந்தது. மருத்துவர் எழுதித் தரும் மாத்திரையில் பொதுவாக 5 மில்லிகிராம் இருக்கும். இவற்றில் 13 முதல் 100 மில்லிகிராம் வரை இருந்தது.

அந்த மே மாதத்துக்குள் ஐந்து பொது மருத்துவமனைகளில் 150 பேர். அதில் 127 பேரின் மாதிரிகளில் கிளிபென்கிளமைடு இருந்தது. ஏழு பேர் மயக்கம் தெளியவே இல்லை, அவர்களில் நான்கு பேர் இறந்தார்கள். மாத்திரை போட்டதாக ஒப்புக்கொண்டவர்கள் 45 பேர்தான். மற்றவர்கள் வாய் திறக்காததற்குக் காரணம் எனக்குத் தெரியும். கட்டிலைச் சுற்றி மனைவி, மருமகன், பேரப்பிள்ளைகள் என்று எல்லாரும் நின்றால் எந்த மனிதர் சொல்வார்? அன்றிலிருந்து நான் முதலில் குடும்பத்தை வெளியே அனுப்பிவிட்டு, திரையை இழுத்துவிட்டு, "ஐயா, இது நம்ம ரெண்டு பேருக்குள்ள" என்று தமிழில் கேட்பேன். பலர் சொன்னார்கள். என்ன மருந்து என்று தெரிந்தால், அது எவ்வளவு நேரம் உடலில் நிற்கும் என்று கணக்குப் போட்டு, அதுவரை குளுக்கோஸை நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளலாம். புதிதாக வரும் செவிலியருக்கும் நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான்.

உட்லண்ட்ஸ் அண்ணன்:

என் தம்பி மறுவாழ்வு நிலையத்திலிருந்து வந்து இப்போது கண்காணிப்பில் இருக்கிறான். சொன்ன நாளில் போய்ச் சோதனை கொடுக்க வேண்டும். முதலில் கருவியில் பார்க்கிறார்கள். அதில் ஏதாவது காட்டினால், மீதியை இரண்டு குப்பிகளாக முத்திரையிட்டு, சுகாதார அறிவியல் ஆணையத்தில் இரண்டு ஆய்வாளர்கள் தனித்தனியாகச் சோதிக்கிறார்கள். ஒருவர் சொன்னது மட்டும் போதாது. சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. எனக்கு அதில் பெரிய நிம்மதி.

முடிச் சோதனையும் உண்டு. உச்சந்தலையை ஒட்டி வெட்டி எடுப்பார்கள். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும் என்ற கணக்கில் மூன்று சென்டிமீட்டரில் சுமார் மூன்று மாதக் கதை இருக்கும். அம்மா பழனியில் அவனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தார். கண்காணிப்பு முடியும் வரை அதைத் தள்ளிவைத்திருக்கிறோம். முருகன் காத்திருப்பார்.

சித்தப்பா மகள்:

எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். என் சித்தப்பா தனியாக ஓரறை வீட்டில் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டிக் காவல்துறையைக் கூப்பிட்டபோது அவர் இறந்து நாட்களாகியிருந்தன. நம் ஊர் வெக்கை உங்களுக்குத் தெரியும். பிரேதப் பரிசோதனை முடிந்து உடலைத் தந்தார்கள், மண்டாயில் காரியம் செய்தோம். நச்சியல் முடிவு பல வாரம் கழித்துத்தான் வந்தது. அதற்காக உடலை வைத்திருக்க மாட்டார்கள் என்பதை, இதே நிலையில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

முடிவில் இரத்தத்தில் ஆல்கஹால் என்றிருந்தது. சித்தி இடிந்து போய்விட்டார். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனிதர், பஜனைக்குப் போகிறவர். உறவினர் வாயும் சும்மா இருக்குமா? மருத்துவர்தான் பொறுமையாக விளக்கினார். இறந்த உடலில் நுண்ணுயிர்கள் சர்க்கரையை நொதிக்கவைத்துத் தாமே ஆல்கஹாலை உண்டாக்கும். கண்ணுக்குள் இருக்கும் கூழ்த் திரவத்துக்கு அவை எளிதில் போகாது, அதனால் அதையும் எடுத்துச் சோதிப்பார்கள். சித்தப்பாவின் கண்ணிலிருந்து எடுத்ததில் ஆல்கஹால் இல்லை. இறப்புக்குக் காரணம் இதயம். இதயப்பக்க இரத்தத்தில் மருந்துகளின் அளவு இறந்த பின் தானாகவே ஏறக்கூடும் என்பதால் தொடை இரத்தக்குழாயிலிருந்து இரத்தம் எடுப்பதாகவும் சொன்னார். அந்த மருத்துவர் எங்களுக்கு ஒதுக்கிய நேரத்தை நான் மறக்க மாட்டேன். அவர் சொன்னதை எழுதி எல்லா உறவினருக்கும் அனுப்பினேன்.

பெயர் வேண்டாம்:

உயர்நிலை மூன்றில் படிக்கும் மகன் கேபாட் என்ற போதை கலந்த மின்சிகரெட் இழுக்கிறானோ என்று பயம். இணையத்தில் பத்து வகை போதைப்பொருள் பார்க்கும் பட்டை வாங்கிச் சோதித்தேன். எல்லாக் கோடும் விழுந்துவிட்டது. நம்பலாமா?

ஆய்வகத் தோழன்:

இதற்கு நம்ப வேண்டாம் அக்கா. கேபாடில் இருப்பது எட்டோமிடேட், அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கும் மருந்து. வழக்கமான பட்டைகளில் அதற்கு இடமே கிடையாது. ஆகவே அவன் இழுத்திருந்தாலும் எல்லாக் கோடும் விழும். அந்த மருந்து உடலில் வெகு சீக்கிரம் எட்டோமிடேட் அமிலமாகச் சிதையும், ஆய்வகங்கள் தேடுவது அந்த அமிலத்தையும் சேர்த்துத்தான். 2025 செப்டம்பர் 1இல் எட்டோமிடேட் போதைப்பொருள் சட்டத்தில் சி பிரிவில் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்டது. அதே நேரம், தாமாக முன்வந்து உதவி கேட்பவர்களுக்குத் தண்டனை இல்லை என்றும் அரசு அறிவித்தது. பட்டையை ஓரமாக வைத்துவிட்டு அவனிடம் நேராகப் பேசுங்கள். கை நடுக்கம், தள்ளாட்டம், பேச்சுக் குழறல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், எட்டோமிடேட் சந்தேகம் என்று பெயர் சொல்லியே சொல்லுங்கள்.