ஏழு டேன்கிராம் துண்டுகளில் ஒரு காக்கா வேண்டும், எப்படி வைத்தாலும் நரியாகிவிடுகிறது

நாலாம்வகுப்பு கேட்டது:

வணக்கம். அரசுத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பின் பின்சுவரில் வாரம் ஒரு சுவர்ப் பத்திரிகை ஒட்டுகிறோம். படம் வரைய வருகிற இரண்டு பிள்ளைகளே எப்போதும் வரைகிறார்கள், மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். எல்லோர் கையும் அதில் பட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அதனால் டேன்கிராம் (ஒரு சதுரத்தை ஏழு துண்டாக வெட்டி உருவங்கள் செய்யும் புதிர்) துண்டுகளை வைத்தே எங்கள் வகுப்புக்கென்று ஒரு கதாபாத்திரம் செய்யலாம் என்று முடிவெடுத்தோம். துண்டுகளை நகர்த்த எல்லோராலும் முடியும் அல்லவா.

யாரைச் செய்வது என்று கேட்டதும் எல்லோரும் ஒரே குரலில் காக்கா என்றார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் ஜன்னல் கம்பியில் ஒரு காக்கா வந்து உட்காரும். தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் தட்டைப் பார்க்கும், மறுபக்கம் சாய்த்து இன்னொரு கண்ணால் எங்களைப் பார்க்கும். அதுதான் வேண்டுமாம்.

20 செ.மீ. சதுரமாக ஒரு சார்ட் அட்டையை எடுத்து வழக்கம்போல வெட்டினேன்: பெரிய முக்கோணம் இரண்டு, நடுத்தரம் ஒன்று, சின்னது இரண்டு, சதுரம் ஒன்று, இணைகரம் ஒன்று. கண் தெளிவாகத் தெரிய வேண்டுமே என்று பெரிய முக்கோணத்தைத் தலையாக வைத்தேன். எல்லோரும் நரி என்றார்கள். இரண்டாவது முறை கையேட்டில் இருக்கும் அன்னம் மாதிரியே வந்துவிட்டது. மூன்றாவது முறை ஒரு பையன் பக்கத்தில் வந்து நின்று, "பறவைதான் டீச்சர், ஆனா நம்ம காக்கா இல்ல" என்றான். அவன் சொன்னது சரி.

எங்கள் விதிகள்: ஏழு துண்டும் வர வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது, பேனாவால் கண் வரையக் கூடாது. அடுத்தடுத்த வாரங்களில் அதே காக்கா நடக்கும், தின்னும், கோபப்படும். ஒவ்வொரு வாரமும் பார்த்ததும் அதே காக்கா என்று தெரிய வேண்டும். கண்ணே இல்லாமல் அந்தப் பார்வையைக் கொண்டுவர முடியுமா?

தெர்மாகோல்கத்தி எழுதியது:

டீச்சர், முடியும். நான் இருபது வருஷம் போர்டு எழுதியவன், இப்போது கல்யாண மேடைக்குத் தெர்மாகோல் வெட்டுகிறேன். மேடைக்கு வெட்டும் மயிலுக்கும் யானைக்கும் நான் கண் வைப்பதில்லை, பந்தலின் கடைசி வரிசையில் இருந்து கண் தெரியாது. ஓரக் கோடுதான் தெரியும்.

உங்கள் கணக்கில் ஒன்றை மாற்றுங்கள். முழு அட்டையை 16 பங்கு என்று வைத்தால் பெரிய முக்கோணம் ஒவ்வொன்றும் 4 பங்கு. நடுத்தர முக்கோணம், சதுரம், இணைகரம் மூன்றும் 2 பங்கு வீதம். சின்ன முக்கோணம் 1 பங்கு வீதம். நீங்கள் 4 பங்கைத் தலைக்குக் கொடுத்துவிட்டீர்கள், அதனால்தான் நரி. காக்காவுக்குத் தலை சின்னது, அலகு தடிமன். சதுரம் தலை, சின்ன முக்கோணம் அலகு. அலகு சரியாகத் தலையில் பாதி வரும். ஜன்னலில் வந்து உட்காரும்போது பாருங்கள், கிட்டத்தட்ட அந்த அளவுதான்.

அலகை ஒட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் அளவில் சின்ன முக்கோணத்தின் நீளப் பக்கம் 10 செ.மீ., குட்டைப் பக்கங்கள் 7 செ.மீ.யும் கொஞ்சமும். நீளப் பக்கத்தைத் தலையோடு சேர்த்தால் குட்டையான அலகு வரும், அது சிட்டுக்குருவி. குட்டைப் பக்கத்தைத் தலையின் பக்கத்தோடு சேர்த்து நுனியை மேலே விட்டால் மூக்கை நிமிர்த்திய வாத்து. அதே குட்டைப் பக்கத்தைச் சேர்த்து, மேல்விளிம்பு சரிந்து இறங்க நுனி கீழே வருகிற மாதிரி வையுங்கள். காக்காவின் மேல் அலகு அப்படித்தான் வளைந்து இறங்கும். ஒரே துண்டு, மூன்று பறவை.

உடம்புக்குப் பெரிய முக்கோணம் இரண்டையும் குட்டைப் பக்கத்தோடு குட்டைப் பக்கம் சேர்த்து, ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினால் சாய்ந்த இணைகரம் கிடைக்கும். அதை முதுகு சாய்ந்து ஏறுகிற மாதிரி நிறுத்துங்கள். மேலே ஒரு தட்டையான விளிம்பு இருக்கும், 14 செ.மீ.க்குச் சற்று அதிகம். நடுத்தர முக்கோணத்தின் நீளப் பக்கமும் அதே அளவு, அதன் மேல் அப்படியே உட்காரும். அதுதான் கழுத்து. முதுகு முடியும் இடத்தில் சின்ன இணைகரம் வால். மிச்சமிருக்கும் சின்ன முக்கோணம் கால்.

இப்போது நீங்கள் கேட்ட பார்வை. தலைச் சதுரத்தைக் கழுத்தின் உச்சியில், ஒரு புள்ளி மட்டும் தொடுகிற மாதிரி வையுங்கள். அந்தப் புள்ளிதான் கீல். அலகையும் தலையையும் சேர்த்துப் பிடித்துக் கொஞ்சம் கீழே திருப்புங்கள், ஒரு இருபது பாகை போதும். தலைக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி திறக்கும். அந்த இடைவெளியைப் பார்க்கிறவன் காக்கா கீழே எதையோ பார்க்கிறது என்று தானாகச் சொல்வான்.

இன்னொன்று. ஜன்னலுக்கு வருவது அண்டங்காக்கையா, ஊர்க்காக்கையா? அண்டங்காக்கை முழுக்கக் கருப்பு. ஊர்க்காக்கைக்குக் கழுத்து சாம்பல். ஊர்க்காக்கை என்றால் நடுத்தர முக்கோணத்தை மட்டும் சாம்பல் அட்டையில் வெட்டுங்கள். எந்த நிலையில் வைத்தாலும் அந்தச் சாம்பல் துண்டு கழுத்தாகவே இருக்கட்டும்.

கட்டத்தாள் எழுதியது:

கணக்கு ஆசிரியர் நான். மேலே ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன், அந்த இருபது பாகை மட்டும் எனக்கு உறுத்துகிறது. டேன்கிராம் துண்டுகளில் 45, 90, 135 பாகை தவிர வேறு கோணமே இல்லை. தலையை 45 பாகை திருப்பினால், உருவத்தின் வெளிக்கோட்டை மட்டும் ஒரு தாளில் வரைந்து பக்கத்து வகுப்புக்குப் புதிராகக் கொடுக்கலாம். இருபது என்றால் பிள்ளைகளால் அதை அளந்து மறுபடி வைக்க முடியாது.

வெட்டுவதற்கும் ஸ்கேலில் 7.07 தேட வேண்டாம். 20 செ.மீ. அட்டையில் 5 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு 4×4 கட்டமாக்குங்கள். ஏழு துண்டின் மூலைகளும் கட்டத்தின் புள்ளிகளில்தான் விழும்.

அன்னம் மாதிரியே வருகிறது என்றீர்களே, அதற்கும் ஒரு காரணம் உண்டு. ஏழு துண்டையும் சேர்த்து, எங்கேயும் உள்வாங்காத, குழிவே இல்லாத உருவங்கள் மொத்தம் 13 தான் செய்ய முடியும். சீனக் கணித அறிஞர்கள் இரண்டு பேர் 1942இல் அதை நிரூபித்தார்கள். துண்டுகளை நெருக்கி ஒட்ட ஒட்ட நாம் அந்தப் பதின்மூன்றின் பக்கம் போகிறோம், எல்லாம் ஒரே சாயலில் வரும். காக்காவைக் காக்காவாக்குவது உள்ளே வாங்குகிற இடங்கள்: அலகுக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒன்று, தலைக்கும் முதுகுக்கும் நடுவே ஒன்று. அவற்றை மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதினாறுபுள்ளி எழுதியது:

சின்ன வீடியோ விளையாட்டுகளுக்குப் புள்ளிப் படம் போடுவது என் வேலை. 1981இல் டாங்கி காங் என்ற வீடியோ விளையாட்டுக்காக ஷிகேரு மியாமோட்டோ அதன் நாயகன் மாரியோவை வடிவமைத்தபோது முகத்துக்குக் கிடைத்தவை சில புள்ளிகளே. வாய் வரைய இடமில்லை, மீசை வைத்தார். முடி வரைவது கடினம், தொப்பி போட்டார். கை அசைவது தெரிய வேண்டும் என்று சட்டைக்கு மேல் வேறு நிறத்தில், தோளில் பட்டை வைத்த முழுக்கால்சட்டை மாட்டினார். உங்கள் சாம்பல் கழுத்தும் அந்த வகைதான், அதை எந்த வாரமும் விட்டுவிடாதீர்கள். செய்து முடித்ததும் வேறு வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டுத் தூரத்தில் நிறுத்தி, ஒன்றும் சொல்லாமல் காட்டிப் பாருங்கள்.

நாலாம்வகுப்பு எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. ஊர்க்காக்கைதான் ஐயா, கழுத்து சாம்பல். இன்று கடைசிப் பாடவேளையில் தரையில் பரப்பி வைத்துச் செய்தோம். அலகை நீங்கள் சொன்னபடி திருப்பியதும் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். மூன்றாம் வகுப்பில் இருந்து ஒரு சிறுமியைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தினேன். "காக்கா" என்றாள். அப்புறம் தானாகவே, "கீழ சோறு கிடக்கு போல" என்றாள்.

ஒரு சிக்கல். காக்காவை இடப்பக்கம் பார்க்க வைக்கலாம் என்று எல்லாவற்றையும் மாற்றி அடுக்கினோம். மற்றதெல்லாம் வந்தது, வால் மட்டும் எப்படிச் சுற்றினாலும் சேரவில்லை. கவிழ்த்துப் போட்டால் சேருகிறது, ஆனால் எங்கள் அட்டைக்கு ஒரு பக்கம்தான் கருப்பு. வெள்ளை வாலோடு நிற்கிறது.

கட்டத்தாள் எழுதியது:

இணைகரத்தின் குணம் அது, டீச்சர். முக்கோணங்களையும் சதுரத்தையும் கண்ணாடியில் காட்டினாலும், சுழற்றியே அதே நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். இணைகரம் அப்படி வராது, கவிழ்த்தே ஆக வேண்டும். ஏழில் அது ஒன்றுதான் இப்படி. அந்தத் துண்டுக்கு மட்டும் பின்பக்கமும் கருப்புத் தாள் ஒட்டிவிடுங்கள். ஒட்டுவதற்கு முன்னால் இதையே பிள்ளைகளிடம் கேள்வியாகப் போட்டு, அவர்களே கண்டுபிடிக்க ஒரு பாடவேளை கொடுங்கள். சமச்சீர் பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

தெர்மாகோல்கத்தி எழுதியது:

அந்தச் சிறுமி சோறு என்று சொன்னதைப் படித்து எனக்கு மனசு நிறைந்துவிட்டது டீச்சர். இருபது பாகை விஷயத்தில் கணக்கு சார் சொல்வதும் நியாயம். புதிராகக் கொடுக்கும் வாரத்தில் 45 வையுங்கள், கதை சொல்லும் வாரத்தில் பிள்ளைகள் இஷ்டப்படி திருப்பட்டும். அடுத்து காக்கா வாயில் எதையாவது கவ்வ வேண்டும் என்று கேட்பார்கள். எட்டாவது துண்டு கிடையாது. எதை எடுத்துக் கொடுப்பது என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

நாலாம்வகுப்பு எழுதியது:

ஐயா, நான் யோசிப்பதற்குள் அவர்களே முடித்துவிட்டார்கள். முதல் நாள் "நம்ம காக்கா இல்ல" என்று சொன்ன அதே பையன், கால் முக்கோணத்தை உருவி அலகின் நுனியில் வைத்தான். கால் எங்கே என்று கேட்டேன். கம்பியில் உட்கார்ந்திருக்கும்போது கால் உடம்புக்குள் போய்விடும், வெளியே தெரியாது என்றான். மறுநாள் மதியம் ஜன்னலைப் பார்த்தேன். கால் மடங்கி இறகுக்குள் இருந்தது, விரல் மட்டும் கம்பியில்.

வாயில் இருப்பது வடையா என்று கேட்டேன். "இல்ல டீச்சர், சோப்பு. எங்க வீட்டுத் துவைக்கிற கல்லுல இருந்து தூக்கிட்டுப் போச்சு."

இந்த வாரச் சுவர்ப் பத்திரிகையின் தலைப்பு அதுதான்: சோப்பைக் காணோம்.