முன் ஷாஃப்ட் கழற்றப்பட்ட கெப் வண்டியைத் திருகோணமலையில் ஓட்டலாமா?

தம்பி, சென்னையிலிருந்து வந்த முதல் மாதத்திலேயே வாங்கிய பழைய டபுள் கெப்பில் முன் புரோப்பெல்லர் ஷாஃப்ட் (முன் சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டு) இல்லை என்பதைக் கண்டு, அப்படியே ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். (நம் ஊரில் பிக்கப் என்பதைத்தான் இங்கே கெப் என்கிறார்கள்.) தார் வீதியில் ஓட்டலாம், ஆனால் ஷாஃப்டை மீண்டும் பொருத்தும் வரை அதை ஃபோர் வீல் வண்டியென்று நம்பி எங்கும் இறக்காதீர்கள்.

பத்து ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படியொரு வண்டியை வாங்கினேன். லீவரை 4எச் (நான்கு சக்கர, உயர்வேக) நிலைக்குத் தள்ளியதும் டாஷ்போர்டில் விளக்கு ஒழுங்காக எரிந்தது. அதை நம்பி நிலாவெளிக் கடற்கரையில் இறக்கியபோது, பின் சக்கரங்கள் மணலைத் தோண்டிக்கொண்டே அச்சு வரை புதைந்தன, முன் சக்கரங்களோ அசையவில்லை. கரைவலை இழுப்பவர்கள்தான் டிராக்டரைக் கட்டி வெளியே எடுத்துவிட்டார்கள். பல வண்டிகளில் அந்த விளக்கு, விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் கியர் மாறியதை மட்டுமே காட்டுகிறது. அங்கிருந்து முன் அச்சுக்கு விசையைக் கொண்டுசெல்லும் ஷாஃப்ட் இருக்கிறதா என்பதை அது காட்டாது. ஆகவே பழைய வண்டி வாங்குபவர்கள் கீழே குனிந்து, டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் டிஃபரன்ஷியல் (அச்சில் விசையை இரு சக்கரங்களுக்கும் பகிரும் பல்சக்கரப் பெட்டி) வரை அந்தக் குழாய்த்தண்டு ஓடுகிறதா என்று கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

உங்கள் வண்டியில் 2எச் நிலை இருந்தால், அந்நிலையில் அது எப்போதும் பின்சக்கர வண்டிதான் என்பதால் ஷாஃப்ட் இல்லாமையால் சாலை ஓட்டத்தில் மாற்றம் இராது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டபின் மூதூர்ப் பக்கம் போகவும் தார் வீதியே போதும். ஆனால் நான்கு சக்கரங்களும் எப்போதும் இயங்கும், நடுவில் திறந்த டிஃபரன்ஷியல் உள்ள வண்டியென்றால் கதை வேறு. நடு டிஃபரன்ஷியலை லாக் செய்யாவிட்டால் விசை முழுவதும் தடையில்லாத முன்பக்கம் வழியாகச் சுழன்று வீணாகும், வண்டி நகராது. அதைவிட ஆபத்தானது, இவ்வகை ஆட்டோமேட்டிக் வண்டியில் பி (பார்க்கிங்) நிலையில் விட்டாலும் அது சக்கரங்களைப் பிடிக்காது. கோணேசர் கோயில் மலை போன்ற சரிவில் கைப்பிரேக் போடாமல் இறங்கினால் வண்டி தானாக உருண்டுவிடும்.

4எல் (நான்கு சக்கர, குறைவேக) நிலையைத் தொடவே வேண்டாம். பல கெப்களில் அது முறுக்குவிசையை ஏறத்தாழ இரண்டரை மடங்காக்குகிறது. இரண்டு அச்சுகள் பகிர வேண்டிய அந்தச் சுமை முழுவதும் பின் டிஃபரன்ஷியல் மேலும் பின் அச்சுத்தண்டுகள் மேலும் விழும். சேற்றில் சிக்கி, 4எல் போட்டு ஆத்திரத்தோடு ஆக்சிலரேட்டரை மிதிப்பவர்கள்தான் பின் அச்சை உடைக்கிறார்கள்.

முதலில், முன்னைய உரிமையாளர் அதை ஏன் கழற்றினார் என்று கண்டுபிடியுங்கள். எரிபொருள் மிச்சம் என்று சொன்னால் நான் நம்பமாட்டேன், ஏனெனில் முன் சக்கரங்களை அச்சுத்தண்டோடு இணைக்கும் ஹப்களை விடுவித்தாலே ஷாஃப்ட் சுழலாது, கழற்றுவதால் கூடுதலாகக் கிடைப்பது மிகச் சொற்பம். தேய்ந்த யுனிவர்சல் ஜாயின்ட் (ஷாஃப்டின் முனையில் உள்ள வளையும் மூட்டு) தந்த அதிர்வோ, முன் டிஃபரன்ஷியலில் உடைந்த பல்லோ காரணமாக இருக்கலாம். முன் டிஃபரன்ஷியல் எண்ணெயை வடித்து, அதில் உலோகத் துணுக்குகள் உள்ளனவா என்று கராஜில் பார்க்கச் சொல்லுங்கள். ஷாஃப்டின் முனை நேரே டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் செருகப்படும் வகையாக இருந்தால், அந்த வாய் வழியே எண்ணெய் கசிந்து உள்ளே கியர்கள் காய்ந்துவிடும் என்பதால் அதையும் இன்றே பாருங்கள்.

ஐப்பசியில் இங்கே மாரி தொடங்கிவிடும். வெருகல் பக்கத்து மண்பாதைகள் அப்போது சேறாகும். அதற்கு முன் ஷாஃப்டைப் பூட்டச் சொல்லுங்கள். இங்கே பூட்டுவது என்றால் பொருத்துவது, சாவி போடுவது அல்ல. இரு முனைகளிலும் ஜாயின்டைப் பிடிக்கும் நுகங்கள் (கவைகள்) ஒரே கோட்டில் இருக்கட்டும், பழைய போல்ட்டுகளை மீண்டும் போட விடாதீர்கள், கிரீஸ் அடித்த பின் 4எச் போட்டுத் தளர்ந்த மண்ணில் மட்டும் சோதித்துப் பாருங்கள்.