மீன்குஞ்சின் மிதப்பைச் சுட்ட ஒரு சொல்

விலங்கியல் ஆசிரியை, நாகர்கோவில்:
அன்புடையீர், வணக்கம். திங்களன்று அச்சுக்குப் போகவேண்டிய கல்லூரிப் பாடம் ஒரு சொல்லால் தடைப்பட்டு நிற்கிறது. நீரில் ஓர் உடல் மிதக்குமா தாழுமா என்பதைத் தீர்மானிக்கும் பண்புக்கு (buoyancy) ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். பல கடல்மீன்களின் முட்டை மிதப்பது காற்றால் அன்று. சினைமுட்டை முதிரும்போது மஞ்சட்கருப் புரதம் சிதைந்து அமினோ அமிலங்கள் பெருக, அவற்றால் நீர் உள்ளேறுகிறது. அந்நீர் கடல்நீரைவிட உப்புக் குறைந்ததாதலால் முட்டை மேலே நிற்கிறது. பொரித்தபின் மஞ்சட்கரு கரைந்து, தசையும் எலும்பும் வளர, குஞ்சு கனத்துத் தாழ்கிறது. கொடுவாக் குஞ்சு நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கினால்தான், அது மிதக்க உதவும் உடலுள் காற்றுப்பை முதன்முதலாக நிரம்பும். தொட்டியில் எண்ணெய்ப் படலம் படர்ந்திருந்தால் அது இயலாமற்போய், முதுகெலும்பும் வளைந்துவிடக்கூடும். நான் 'மிதப்புத்திறன்' என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

தமிழாசிரியர், குளச்சல்:
அம்மையீர், 'திறன்' வேண்டா. திறன் முயல்வோர்க்கு உரியது. முட்டை எதையும் முயல்வதில்லை. 'மிதவை'யும் ஆகாது. அகநானூற்று 86ஆம் பாட்டின் 'உழுந்துதலைப் பெய்த கொழுங்களி மிதவை' திருமண விருந்தில் படைத்த உணவு. பருப்பு மிதந்ததால் வந்த பெயர் என்பது என் துணிபு. 'பொறு' பொறுமையாவதுபோல் 'மித' மிதமையாகட்டும்.

மொழிபெயர்ப்பாளர், தக்கலை:
ஐயா, மிதமை என்றால் மாணவர் 'மிதமான வெயில்' என்பதில் வரும் மிதத்தையே நினைப்பர், அது வடசொல். தூய்மை தேடிய சொல் அங்கேயே போய் நிற்கிறது. கடற்புறத்தில் கூறல் மீனின் காற்றுப்பையை 'நெட்டி' என்றுதான் விலைபேசுகிறார்கள். நீர்ச்செடியின் இலேசான தண்டுக்கும் அதே பெயர். 'நெட்டிமை' எனலாமே?

விலங்கியல் ஆசிரியை:
நெட்டியைக் காற்றுப்பைக்கே வைத்துக்கொள்கிறேன், நல்ல சொல். ஆனால் கடல் விராலுக்குக் காற்றுப்பையே கிடையாது, அதன் முட்டையோ மிதக்கிறது. தட்டைமீன்கள் பலவும் தரையில் படியும் பருவத்தில் பையை இழந்துவிடுகின்றன. பையை வைத்துப் பண்புக்குப் பெயரிட்டால் இவையெல்லாம் வெளியே நிற்கும். எனக்கு எழுதிய மற்றவர்களில் பெரும்பாலோர் 'மிதப்பு' போதும் என்று சொல்வதால் அதையே அச்சுக்கு அனுப்புகிறேன்.

தமிழாசிரியர், குளச்சல்:
நான் உடன்படவில்லை. மிதப்பு என்பது தொழிற்பெயர். மூழ்குகிற குஞ்சுக்கு 'எதிர்மிதப்பு' என்று எழுதவேண்டி வரும். மேலும் 'அவன் மிதப்பில் இருக்கிறான்' என்னும் வழக்கையும் வகுப்பில் சிரிப்பின்றிக் கடக்க இயலாது. மிதமையை அடிக்குறிப்பிலேனும் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.